சாப்பாட்டு மேசையில் ஒரு தந்தி

இறாலை வாய்வரை கொண்டுபோன என் கை அப்படியே நின்றுவிட்டது.

எதிரில் லூர்தம்மா உட்கார்ந்திருந்தார். என் மகள் ரீட்டா கட்டிக்கொள்ள விரும்பும் ஜெரால்டு என்ற பையனின் அம்மா. பெண்ணைப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து கடல் தாண்டி எங்கள் ஊருக்கு வந்திருந்தார். வந்ததிலிருந்து ‘ம்’, ‘ஆமா’, ‘போதும்’ தவிர வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து விழவில்லை. இப்போது அவருடைய இடது கை மேசைமேல் இருந்தது. சுட்டுவிரல் நகம் ஒருமுறை மேசையைத் தொட்டது. அடுத்து கல்யாண மோதிரம். மறுபடியும் நகம்.

டிக். டக். டிக்.

மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து, புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டியே சோறு தின்ற எனக்கு அது ஓர் எழுத்து. ஆங்கில ‘ஆர்’. தந்திக்காரர்கள் பாஷையில் ‘கிடைத்தது’ என்று பொருள். நீ அனுப்பிய செய்தி முழுசாக வந்து சேர்ந்தது, கவலைப்படாதே என்று பொருள்.

நான் என் மனைவி ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இருக்காதா பின்னே? அதுவரை நாங்கள் இருவரும் அதே மேசையில் தட்டிக்கொண்டிருந்ததெல்லாம் லூர்தம்மாவைப் பற்றித்தான்.

ஆசிரியர் கேட்டது வேறு

கம்பியில்லாத் தந்தி பிறந்த கதையை எழுதுவதாக இந்தத் தொடரில் போன வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன். பத்திரிகை ஆசிரியரும் போன் போட்டு, “கப்பல்ல வாந்தி எடுத்ததெல்லாம் போதும் சார், கொஞ்சம் வரலாறு எழுதுங்க, பிள்ளைங்களுக்கு யூஸ் ஆகும்” என்றார். எழுதாமல் என்ன, எழுதுகிறேன். ஆனால் வரலாறே நம் வீட்டு மேசையில் வந்து உட்கார்ந்து இறால் சாப்பிட்டால் நான் என்ன செய்வது?

ஆரம்பத்தில் காற்றில் செய்தி அனுப்பியவர்களிடம் பெரிதாக ஒன்றும் கிடையாது. அனுப்புகிற பக்கம் படபடவென்று தீப்பொறி. வாங்குகிற பக்கம் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே உலோகத்தூள். அலை வந்து பட்டதும் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும். ஆனால் ஒட்டியது தானாகப் பிரியாது. ஒரு குட்டிச் சுத்தியல் குழாயைத் தட்டிவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த எழுத்து உள்ளே வரும்.

இதை ஒருநாள் ஸ்டெல்லாவுக்கு வெகு சிரத்தையாக விளக்கினேன். “அப்போ உங்களை மாதிரிதான்” என்றாள். “தட்டினாத்தான் காது கேக்கும்.”

இந்த விஷயத்தில் முதல் ஆள் யார் என்பதில் இன்றுவரை அடிதடி. கல்கத்தாவில் ஒரு வங்காளப் பேராசிரியர் சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி மணி அடிக்கவைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். காசு பண்ணத் தெரியாத மனுஷர். காசு பண்ணத் தெரிந்தவர் ஓர் இத்தாலிக்காரர். எங்கள் மாதா கோவிலில் ஞாயிறு பூசை முடிந்து காப்பி குடிக்கும்போது நான் வங்காளத்தார் கட்சி. பங்குச்சாமியார் ரோமாபுரியில் படித்தவர், ஆகையால் எதிர்க்கட்சி.

அந்த இத்தாலிக்காரர் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் போய், ஒரு காற்றாடியில் கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டு, காதில் கருவியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடல் தாண்டி வந்தது ஒரே எழுத்து. ‘எஸ்’. மூன்று புள்ளி. அவ்வளவுதான். “வானத்துக் கரகரப்பைக் கேட்டுவிட்டு, ஆசையில் எஸ் என்கிறார்” என்று அப்போதே பலர் சிரித்தார்கள். கேட்க ஆசைப்படுகிறவன் காதில் எதுவும் விழும் என்பது என் கருத்தும்கூட. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

எலி, எலி, எலி

இதே இத்தாலிக்காரர் இன்னொன்றும் சொல்லிக்கொண்டிருந்தார்: தன் கருவியில் போகும் செய்தியை வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, உள்ளே நுழையவும் முடியாது என்று.

லண்டனில் ஒரு சபை. பெரிய மனிதர்கள் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். தூரத்தில் கடற்கரையிலிருந்து இத்தாலிக்காரர் அனுப்பப்போகும் செய்திக்கு எல்லாரும் காத்திருக்கிறார்கள். நேரத்துக்கு முன்பே கருவி டிக்டிக் என்கிறது. ஆகா, வந்துவிட்டது என்று எழுத்தைக் கூட்டிப் பார்த்தால், ‘எலி எலி எலி எலி’. அதோடு நிற்காமல் இத்தாலிக்காரரையே கிண்டல் பண்ணி ஒரு பாட்டு வேறு.

அனுப்பியவர் ஒரு மேடை மாயவித்தைக்காரர். பக்கத்திலேயே எங்கோ ஒரு கருவியை வைத்துக்கொண்டு, “யாரும் நுழைய முடியாதா? இதோ நுழைந்துவிட்டேன் பார்” என்று காட்டிவிட்டார். பத்திரிகைகளில் ஒரே ரகளை.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். காற்றில் அனுப்புவது ஊருக்கே சொல்வதற்குச் சமம், அதுகூடத் தெரியாத மனுஷன் என்று இத்தாலிக்காரரை ஏசியிருக்கிறேன். அந்த ஞானமெல்லாம் என் வீட்டு மேசையில் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்காதீர்கள்.

நகம் புள்ளி, மோதிரம் கோடு

ஸ்டெல்லாவுக்கு மோர்ஸ் வந்தது கோவில் பாடற்குழுவில். அவள் முன்வரிசை, நான் பின்வரிசை. கப்பல் கரைக்கு வரும்போதெல்லாம் அவள் நாற்காலி முதுகில் தட்டித் தட்டியே பழக்கினேன். அவள் வீடு அப்போது கிளமெண்டியில். நான் போனால் அவளுடைய அண்ணன்மார் சோபாவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு முன்னாலேயே நாங்கள் டீக்கோப்பையில் தட்டி, எந்தப் பூசைக்கு வருவது, எங்கே சந்திப்பது என்று முடிவு பண்ணிவிடுவோம். “என்ன தம்பி, கை நடுங்குது?” என்று மூத்தவர் ஒருமுறை அக்கறையாக விசாரித்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு மோதிரம் வந்ததால் முறை இன்னும் சுலபமாகிவிட்டது. நகம் தட்டினால் புள்ளி, மோதிரம் தட்டினால் கோடு. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவோம். பிள்ளைகள் இப்போது கைபேசியில் எழுதுகிறார்களே, அந்தத் தங்கிலீஷுக்கு நாங்கள்தான் முன்னோடி.

கப்பல்களில் மோர்ஸை நிறுத்தினார்கள். நான் கரைக்கு வந்தேன், வேறு வேலை பார்த்தேன், ஓய்வும் பெற்றேன். வீட்டில் மட்டும் தந்தி ஆபீஸ் மூடவே இல்லை. விருந்தாளி முன்னால் ‘இவர் எப்போ கிளம்புவார்?’ என்பதிலிருந்து, கோவிலில் ‘சாமி போன வாரப் பிரசங்கத்தையே மறுபடி வைக்கிறார்’ என்பதுவரை எல்லாம் தட்டலில்தான். ஊர் வம்பு பேச இதைவிட வசதி உண்டா?

ரீட்டா மட்டும் கற்றுக்கொள்ளவே இல்லை. “அது மரியாதையே இல்ல, ரொம்ப ரூட், பா” என்பாள்.

“இன்னிக்கு மட்டும் தட்டாதீங்க”

ஜெரால்டுக்குக் கைபேசி சிக்னல் வேலை. அடுக்குமாடி புளோக்குகளின் மொட்டைமாடியில் ஆண்டெனா சரியாக இருக்கிறதா என்று ஏறி இறங்கிப் பார்ப்பான். புக்கிட் பாத்தோக்கில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். கோவிலில்தான் ரீட்டாவுக்குப் பழக்கம். தங்கமான பையன். ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டான்: அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், அம்மாதான் வளர்த்தார், அம்மா வேண்டாம் என்றால் கல்யாணம் இல்லை.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில்தான் என் மகளின் வாழ்க்கை இருந்தது. காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய் நல்ல இறாலாகப் பார்த்து வாங்கிவந்தேன். ஸ்டெல்லா அதில் மிளகாய் அரைத்துக் காரமாகச் சம்பால் வைத்தாள். ரீட்டா மேசையைத் துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

“பா, ஒண்ணே ஒண்ணு” என்றாள். “இன்னிக்கு மட்டும் டேபிள்ல தட்டாதீங்க. ப்ளீஸ் லா.”

“சரிம்மா.”

“ப்ராமிஸ்?”

“அட, சரின்னா சரிதான்.”

காப்பாற்றியிருப்பேன். சத்தியமாகக் காப்பாற்றியிருப்பேன். அந்த அம்மா கொஞ்சம் வாயைத் திறந்திருந்தால்.

“பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?” என்றேன். “ம்.” “எங்க ஊர் வெயில் எப்படி?” “ஆமா.” வெயிலுக்கு ஆமா என்றால் என்ன அர்த்தம்? அவர் கண் வேறு எங்கள்மேல் இல்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நகம் அரித்தது.

‘பையன் ஓகே’ என்று தட்டினேன்.

‘ரொம்ப ஓகே’ என்றாள் ஸ்டெல்லா. ‘அம்மா?’

‘கான்வென்ட் ஹெட்மிஸ்ட்ரஸ்.’

‘திமிரா?’

‘இல்லேன்னா நம்ம சாப்பாடு பிடிக்கல.’

‘என் சம்பாலையா?’ ஸ்டெல்லாவின் மோதிரம் கொஞ்சம் கோபமாகவே விழுந்தது.

ரீட்டா என்னை முறைத்தாள். நான் விரலை மடக்கினேன். ஆனால் மனசு அடங்கவில்லை. இந்தக் கல்லோடு என் பெண் எப்படிக் குடும்பம் நடத்துவாள்? விரல் தானாக விரிந்தது.

‘ஈஸ்டர் போகட்டும்னு சொல்லி கல்யாணத்தை இழுத்துடலாமா?’

ஸ்டெல்லா பதில் சொல்வதற்குள், எதிரிலிருந்து வந்தது அந்த டிக், டக், டிக்.

ஏழாவது மாடியில் எலி

லூர்தம்மா நிதானமாகத் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு ரீட்டாவின் பக்கம் திரும்பி, அன்று முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

“ஏம்மா, உங்க வீட்டுல எலி இருக்கோ? டிக்கு டிக்குன்னு ஒரே சத்தமா கேக்கு.”

எனக்குப் புரை ஏறியது. லண்டன் சபையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களின் நிலைமை அன்றுதான் எனக்கு விளங்கியது.

“ஏழாவது மாடியில எலியா, ஆன்ட்டி?” என்று ரீட்டா சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஜெரால்டு ஒன்றும் அறியாத பிள்ளையாக இன்னும் இரண்டு இறாலை எடுத்துப் போட்டுக்கொண்டான். நான் நாற்காலியில் கையை உட்காரவைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மாயவித்தைக்காரர் கதை அவருக்குத் தெரியுமா, அல்லது தானாக வாயில் வந்ததா என்று பிற்பாடு கேட்டுப் பார்த்தேன். “எந்த எலி?” என்றார்.

அடுப்படி விசாரணை

சாப்பிட்டு முடிந்ததும் லூர்தம்மா தன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். ஸ்டெல்லா பின்னால் ஓடினாள். அவளைத் தனியாக விடுவது நியாயமில்லை என்று நானும் போனேன். ரீட்டாவும் ஜெரால்டும் ஹாலில் இருந்தார்கள்.

“தந்தி ஆபீஸ்ல வேலை பாத்தேன்லா” என்றார் லூர்தம்மா, தட்டைக் கழுவிக்கொண்டே. இரண்டு நாளில் நம் ஊர் ‘லா’வைப் பிடித்துவிட்டாரே என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் ஊரிலும் சொந்தமாக ஒரு ‘லா’ இருக்கிறதாம்.

“மன்னிச்சுக்குங்க அக்கா” என்று ஸ்டெல்லா ஆரம்பித்தாள். அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“இருங்க. நான் முதல்ல அண்ணாச்சிக்கு நரம்புத் தளர்ச்சின்னுல்லா நெனச்சேன். பாவம், இந்த வயசுலயே கை இப்பிடி ஆடுதேன்னு. பெறவு பாத்தா உங்களுக்கும் அதே ஆட்டம். வீட்டோட வந்த வியாதியோன்னு பயந்துட்டேன். பொண்ணுக்கும் இருந்தா என்ன செய்யன்னு அவ விரலையும் பாத்தேன். நகம் புள்ளி, மோதிரம் கோடுன்னு பிடிபட்டதும் எனக்குச் சோறு எறங்கல.”

“அதான் பேசவே இல்லையா?” என்று கேட்டுவிட்டேன்.

“எப்பிடிப் பேச? நான் வந்து உக்காந்ததுமே உங்க விரல் தானா தாளம் போட ஆரம்பிச்சிட்டுல்லா. செய்தி வரும்போது வாயத் தொறக்கப்படாதுன்னுதான் எங்களைப் பழக்கியிருக்காவ. நாம ஒரு வார்த்தை பேசுனா ஒரு எழுத்து போயிரும். ஒரு எழுத்து போனா, கல்யாணம்னு வந்தது அடுத்த வீட்டுல எழவுன்னு போய் நிக்கும். காது தட்டலைக் கேட்டா எனக்கு வாய் பூட்டிக்கிடும், அண்ணாச்சி. நீங்க நிப்பாட்டுவீங்க, நான் பேசலாம்னு பாக்கேன், நீங்க நிப்பாட்டுனாத்தானே!”

அடக் கடவுளே! இவர் ஏன் பேசவில்லை என்று நாங்கள் தட்டியிருக்கிறோம். நாங்கள் தட்டியதால் இவர் பேசவில்லை. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

“அக்கா கை சுத்தம்” என்றார் லூர்தம்மா, ஸ்டெல்லாவைக் காட்டி. “ஒரு எழுத்து பிசகல. அண்ணாச்சி கைதான் அவசரக் கை. பாதி எழுத்த முழுங்குதீங்க.”

அந்த நிலைமையிலும் ஸ்டெல்லா சிரித்தாள். துரோகி.

லூர்தம்மா சிரிக்கவில்லை. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். “ஈஸ்டர்னு சொல்லி இழுத்துரலாமான்னு கேட்டீங்கள்லா. எம்பிள்ளைகிட்ட என்ன கொறை கண்டீங்க? அதச் சொல்லுங்க.”

தட்டிப் பழகியவனுக்கு வாயால் சொல்வது கஷ்டம். ஆனாலும் சொன்னேன்.

“பையன்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா. எங்க ரீட்டா வாய் மூடாத பொண்ணு. காலையில எழுந்ததுலேருந்து பேசிக்கிட்டே இருப்பா. நீங்க பேசாம உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், நாளைக்கு அவ பேசுறதைக் கேக்க அந்த வீட்டுல ஆள் இருக்காதோன்னு பயந்துட்டேன். பயந்தாங்கொள்ளி அப்பன். வேற ஒண்ணும் இல்ல.”

அவர் குழாயை இறுக்கி மூடினார்.

“நானும் வேண்டாம்னு சொல்லத்தான் பிளேன் ஏறுனேன்” என்றார். “ஒத்தப் பிள்ளை. இங்கயே பொண்ணு கட்டுனா இங்கயே தங்கிருவாம்லா.” பிறகு முந்தானையில் கையைத் துடைத்தார். “அவுக போன பெறவு எங்க வீட்டுல சாப்பாட்டு நேரத்துல கரண்டிச் சத்தம் மட்டுந்தான். நீங்க என்னடான்னா இத்தன வருஷம் ஆகியும் வம்பு தீராமத் தட்டிக்கிட்டே இருக்கீக.”

அது பாராட்டா, குற்றச்சாட்டா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

“யோசிச்சுச் சொல்லுதேன்” என்று வெளியே போய்விட்டார்.

லிப்ட்

குவீன்ஸ்டவுனில் எங்கள் புளோக் பழையது, லிப்ட்டும் பழையது. வழியனுப்ப நாங்கள் மூவரும் லிப்ட் வாசலில் நின்றோம். ஜெரால்டு “பை அங்கிள், பை ஆன்ட்டி” என்றான். லூர்தம்மா ரீட்டாவின் கன்னத்தைத் தொட்டார். கதவு மூடியது. சின்னக் கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது. சிரிப்பு இல்லை. போச்சு, என் விரலாலேயே என் பெண் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன்.

லிப்ட் இறங்கத் தொடங்கியது. உள்ளிருந்து சத்தம்.

டிக் டிக் டிக்.

மூன்று புள்ளி. ‘எஸ்’.

பழைய லிப்ட் அல்லவா, அதுவே சத்தம் போடும் என்று நினைத்தேன். கேட்க ஆசைப்படுகிறவன் காதில் எதுவும் விழும் என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்! கதவில் காதை வைத்தேன். ஸ்டெல்லாவும் வைத்தாள். இரும்புச் சுவரில் விரல்முட்டியும் மோதிரமும் மாறி மாறி விழுந்தன. ‘ஏ’. ‘எம்’. ‘பி’. சத்தம் கீழே போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு ‘ஏ’. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

“ஆன்ட்டி என்ன தட்டுனாங்க?” என்றாள் ரீட்டா.

திரும்பிப் பார்த்தேன். “அவங்க தட்டுவாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“அவங்க தந்தி ஆபீஸ்ல இருந்தாங்கன்னு ஜெரால்டு எப்பவோ சொல்லிட்டான். எதுக்கு உங்களைத் தட்டாதீங்கன்னு கெஞ்சுனேன்னு நினைச்சீங்க?”

“காரணத்தைச் சொல்லியிருக்கலாமேடி!”

“சொல்லியிருந்தா அவங்களை டெஸ்ட் பண்ணிப் பார்த்திருப்பீங்க, பா.”

பார்த்திருப்பேன். முதல் காரியமே அதுதான்.

“சரி, என்ன தட்டுனாங்க? சொல்லுங்கப்பா.” ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லாவுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

“முழுசா வரல” என்றேன். “பாதியில லிப்ட் கீழ போயிடுச்சு. ஆனா வந்த வரைக்கும் எழுத்து சுத்தம். என்னைச் ‘சம்பந்தி’ன்னு கூப்பிட்டிருக்காங்க, ரீட்டா.”

அவள் அழுதாளா சிரித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே கண் சரியாகத் தெரியவில்லை. தாழ்வாரக் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தோம். லூர்தம்மாவும் ஜெரால்டும் புளோக்கிலிருந்து வெளியே வந்து, டாக்ஸி நிற்கும் இடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

ரீட்டா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “பதில் சொல்லுங்கப்பா! போயிடுவாங்க! தட்டுங்க!”

“அக்கம்பக்கத்துல கம்ப்ளைன்ட் பண்ணுவாங்கம்மா.”

“பண்ணட்டும் லா. சத்தமாத் தட்டுங்க!”

பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தேன். இரும்புக் கைப்பிடியில், என் அவசரக் கையால், ஆனால் ஒரு புள்ளிகூட முழுங்காமல் அடித்தேன்.

டிக். டக். டிக்.

லூர்தம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே கையை மட்டும் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினார்.